கூடையைத் தூக்கிக்கொண்டு கூடவே போங்கள்: கனசாவாவில் ஹோம்ஸ்டேயின் முதல் நாட்கள்

ஜப்பானுக்குப் படிக்கப் போகிற தம்பி தங்கைகள் என்னிடம் முதலில் கேட்பது, "அக்கா, எந்தெந்த இடமெல்லாம் பார்க்கணும்?" என்றுதான். நான் பதிலுக்கு ஒன்று கேட்பேன். "நீ தங்கப் போற வீட்டில் காய்கறி வாங்கப் போறது யாரு? எந்தக் கிழமை போவாங்க?" யாருக்கும் தெரிந்திருக்காது. போய் இறங்கிய முதல் வாரத்தில் அதைத் தெரிந்துகொள், மற்ற இடமெல்லாம் அதன் பின்னாலேயே வரும் என்று சொல்வேன்.

நான் 2024 செப்டம்பர் கடைசியில் கனசாவாவுக்குப் போனேன். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். கோயம்புத்தூரில் சிவில் இன்ஜினியரிங் மூன்றாம் வருடம் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு செமஸ்டருக்கு மட்டும் பரிமாற்ற மாணவி. கனசாவா ஜப்பான் கடலோரப் பக்கத்து ஊர். தோக்கியோவிலிருந்து ஷின்கான்சென் ரயிலில் இரண்டரை மணி நேரம். இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சுக்குத் தப்பிய ஊர் என்பதால் பழைய தெருக்கள் இன்னும் வளைந்து நெளிந்து அப்படியே கிடக்கின்றன. என்னை ஏற்றுக்கொண்ட வீட்டில் நான்கு பேர்: அம்மா, அப்பா, அப்பாவைப் பெற்ற பாட்டி, மூன்றாம் வகுப்புப் படிக்கிற ஒரு பெண் குழந்தை. பெயர் சொல்லாமல் ஒகாசான், ஒத்தோசான், ஒபாச்சான் என்று கூப்பிடச் சொன்னார்கள். அம்மா, அப்பா, பாட்டி என்றுதான் பொருள்.

கிளம்பும் முன்

சாப்பாட்டு விஷயத்தை உங்கள் கைப்பட எழுதி அனுப்புங்கள். இதை நான் செய்யாமல் விட்டேன். விண்ணப்பத்தில் 'வெஜிடேரியன்' என்று குறித்திருந்தேன். எங்களை அனுப்பிய அலுவலகத்தின் வழியாக வீட்டாருக்குப் போய்ச் சேர்ந்தபோது அது 'இறைச்சி சாப்பிட மாட்டாள்' என்று சுருங்கிவிட்டது. முதல் நாள் இரவு, எனக்காகவே ஒகாசான் சந்தையில் நல்ல மீனாகத் தேடி வாங்கிச் சுட்டு வைத்திருந்தார். நான் தொடவில்லை. அவர் முகம் வாடியது இன்னும் கண்ணில் நிற்கிறது. அவர்மேல் ஒரு தப்பும் கிடையாது. நான் ஒரே ஒரு கடிதம் எழுதியிருந்தால் போதும்.

கடிதத்தில் 'சைவம்' என்ற சொல்லை நம்பாதீர்கள். மாடு, பன்றி, கோழி, மீன், இறால், நண்டு, முட்டை, பால் என்று ஒவ்வொன்றாக எழுதி, எதிரே சாப்பிடுவேன், மாட்டேன் என்று போடுங்கள். பட்டியலில் 'தாஷி' கட்டாயம் இருக்க வேண்டும். தாஷி என்பது அவர்களுடைய சாறு. நம் ரசத்துக்குப் பருப்புத் தண்ணீர் எப்படியோ அப்படி, அவர்களுடைய சூப்புக்கும் குழம்புக்கும் அதுதான் அடிப்படை. பெரும்பாலும் உலர்ந்த மீனைச் சீவிப் போட்டு எடுப்பார்கள். கிண்ணத்தில் மீன் கண்ணுக்குத் தெரியாது, சாற்றில் இருக்கும். அதுவரை தவிர்க்கிறீர்களா, பரவாயில்லை என்று விடுகிறீர்களா என்பதை ஊரிலேயே முடிவு செய்துகொண்டு போங்கள். அங்கே போய் ஒரு நாள் குடித்து, ஒரு நாள் குடிக்காமல் இருந்தால் சமைக்கிறவருக்குத்தான் திண்டாட்டம்.

நான் வேண்டாம் என்று முடிவு செய்தேன். விஷயம் புரிந்த மறுநாளே ஒகாசான் கொம்பு என்கிற கடற்பாசியையும் உலர்ந்த ஷீத்தாக்கே காளானையும் ராத்திரியே ஊறப்போட ஆரம்பித்தார். பழைய காலத்தில் வடக்குத் தீவான ஹொக்காய்தோவிலிருந்து கப்பல்கள் கொம்பை ஏற்றிக்கொண்டு இந்தக் கடற்கரை வழியாகத்தான் இறங்கும்; அதனால் இந்தப் பக்கத்துச் சமையலறைகளில் கொம்புக்குப் பஞ்சமே இல்லை. இன்னொன்று, 'ஃபூ'. கோதுமையின் பசைச்சத்தில் செய்கிற பண்டம், கனசாவாவில் பேர்போனது. அப்புறம் தாமரைக் கிழங்கு. நாம் வற்றலாகப் பொரிப்போம், அவர்கள் துருவி உருட்டி ஆவியில் வேகவைக்கிறார்கள். அதன் மேலே இறால் வைப்பது அங்கே வழக்கம். எனக்கு மட்டும் அந்த இடத்தில் காளான் வந்தது.

பரிசு சின்னதாக இருக்கட்டும். உங்கள் ஊர்ப் பொருளாக இருக்கட்டும். நான் கோவில்பட்டிக் கடலைமிட்டாயும், பத்தமடைப் பாயில் கைக்குட்டை அளவுக்கு நெய்த ஒரு துண்டும் கொண்டுபோனேன். கடலைமிட்டாய் என்றால் வேர்க்கடலை யாருக்காவது ஒவ்வாதா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். பச்சைக் கறிவேப்பிலை, மாங்காய் எல்லாம் பெட்டியில் வைக்காதீர்கள். பயிர் நலச் சான்றிதழ் இல்லாமல் பச்சைச் செடிப் பொருளை ஜப்பானுக்குள் விடமாட்டார்கள். பாயும் கோரைதானே என்று நான் விமான நிலையத்தில் தாவரச் சோதனை மேசையில் காட்டிவிட்டுத்தான் வெளியே வந்தேன். விமான நிலையத்தில் தருகிற குடியிருப்பு அட்டையைப் பத்திரமாக வையுங்கள். வெளியே போகும்போதெல்லாம் அது உங்கள் கையில் இருக்க வேண்டும் என்பது அங்கே சட்டம்.

முதல் மாலை

வாசலில் செருப்பைக் கழற்றுவது நமக்குப் புதிதில்லை. ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. அவர்கள் வீட்டு நுழைவிடம் ஒரு படி தாழ்ந்திருக்கும், 'கென்கான்' என்பார்கள். அந்தத் தாழ்ந்த தரை, கதவுக்கு உள்ளே இருந்தாலும் தெருவோடு சேர்த்தி. நாம் செருப்பைக் கழற்றிவிட்டு அதே தரையில் வெறுங்காலோடு நிற்போம் இல்லையா, அதுதான் கூடாது. செருப்பிலிருந்து காலை எடுத்தால் நேரே மேல் படியில்தான் வைக்க வேண்டும். பிறகு குனிந்து செருப்பை வாசல் பார்க்கத் திருப்பி வையுங்கள். குளிப்பதற்கும் ஒரு முறை உண்டு: தொட்டிக்கு வெளியே உட்கார்ந்து சோப்புப் போட்டு முழுக்கக் குளித்து முடித்த பிறகே சுடுநீர்த் தொட்டிக்குள் இறங்குவார்கள். ஒரே தண்ணீரில்தான் வீடு முழுக்க இறங்கும். ஆகவே அதைத் திறந்துவிடாமல், மூடியைப் போட்டுவிட்டு வாருங்கள்.

பரிசை இரண்டு கையாலும் கொடுத்தேன். ஒபாச்சான் வாங்கியவுடன் பிரிக்கவில்லை. எழுந்து பக்கத்து அறைக்குப் போனார். அங்கே பொன் பூசிய உள்மாடம் கொண்ட 'புத்சுதான்' என்கிற வீட்டு வழிபாட்டுப் பேழை இருந்தது, இறந்துபோன தாத்தாவின் படமும். கடலைமிட்டாய்ப் பொட்டலத்தை அதன் முன்னால் வைத்து, சிறு மணியைத் தட்டிக் கை கூப்பினார். எங்கள் வீட்டிலும் வெளியூரிலிருந்து வந்த பண்டத்தை முதலில் சாமி படத்துக்கு முன் வைப்பாள் என் ஆச்சி. எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. நானும் போய்ப் பக்கத்தில் மண்டியிட்டுக் கும்பிட்டேன். யாரும் சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து ஒபாச்சான் என்னை விருந்தாளியாகப் பார்ப்பதை நிறுத்திவிட்டார் என்றே நினைக்கிறேன். பாய்த் துண்டை மறுநாள் மூக்கருகே வைத்து முகர்ந்து, "தாதாமி" என்றார். அவர்கள் வீட்டுத் தரையில் விரிக்கிற பாயும் கோரை மாதிரியான ஒரு புல்லில் நெய்ததுதான்.

ஒன்றை மறக்காமல் சொல்லிவிடுகிறேன். தலையை ஆட்டாதீர்கள். இன்னும் கொஞ்சம் சோறு வைக்கட்டுமா என்று ஒகாசான் கேட்டபோது, நம் ஊர் வழக்கப்படி பக்கவாட்டில் தலையசைத்து 'சரி' என்றேன், வாயைத் திறக்காமல். அவருக்கு அது 'வேண்டாம்'. கிண்ணம் போய்விட்டது. இரண்டு நாள் அரைவயிறோடு படுத்தேன். 'ஹாய்' என்று வாயைத் திறந்து சொல்லுங்கள். அதேபோல 'தாய்ஜோபு' என்ற சொல்லை ஜாக்கிரதையாகப் பயன்படுத்துங்கள். நம்முடைய 'பரவாயில்லை, இருக்கட்டும்' மாதிரியேதான். சாப்பாட்டு மேசையில் அதைச் சொன்னால் வேண்டாம் என்று எடுத்துக்கொள்வார்கள்.

முதலில் பார்க்க வேண்டிய இரண்டு இடங்கள்

இரண்டாம் நாள் காலை, ஒத்தோசான் என்னை ஊர் காட்டக் கூட்டிப்போனார். கூட்டிப்போன இடம் பக்கத்துத் தெரு ஆரம்பப் பள்ளிக்கூடம். நிலநடுக்கம் வந்தால் ஓடிப்போய்ச் சேர வேண்டிய இடம் அதுதான். 2024 ஜனவரி 1 மாலை நோத்தோ தீபகற்பத்தில் 7.6 அளவில் பூமி அதிர்ந்தபோது கனசாவாவும் பலமாக ஆடியது. கனசாவா கோட்டையின் கற்சுவர்கள் சில இடங்களில் சரிந்தன. நான் போனபோது அது நடந்து ஒன்பது மாதம்கூட ஆகவில்லை. வீட்டு வாசல் பக்கம் ஐந்து பைகள் தொங்கின. நான்கு பழையது, ஒன்று புதியது. புதிய பையில் தண்ணீர், டார்ச், விசில், கையுறை, அதோடு ஒரு பொட்டலம் பிஸ்கட். அதன் பின்பக்கம் எழுதியிருந்த பொருட்பட்டியலில் மீன் எதுவும் இல்லை என்று ஒகாசான் பென்சிலால் கோடு போட்டுக் காட்டினார்.

உங்கள் வீட்டார் இதைத் தாமாகச் சொல்லாவிட்டால் நீங்கள் கேளுங்கள். வீட்டிலிருந்து அந்த இடத்துக்கு உங்கள் காலாலேயே ஒரு தடவை நடந்து பாருங்கள். பூமி அதிரும்போது வழி கேட்க நேரம் இருக்காது.

இன்னொரு இடம் நகராட்சி அலுவலகம். குடியேறிய 14 நாளுக்குள் முகவரியைப் பதிய வேண்டும். குடியிருப்பு அட்டையின் பின்புறம் முகவரி எழுதித் தருவார்கள். மூன்று மாதத்துக்கு மேல் தங்குகிறவர்கள் தேசிய மருத்துவக் காப்பீட்டிலும் அங்கேயே சேர வேண்டும். ஒகாசான் அரை நாள் விடுப்பெடுத்துக் கூடவே வந்தார். வரிசையில் உட்கார்ந்திருந்தபோது எதிரே இருந்த பலகைகளை வாசிக்கக் கற்றுக்கொடுத்தார். வேலை முடிந்து வெளியே வந்தால் பக்கத்திலேயே வட்டமாக ஒரு கண்ணாடிக் கட்டடம். 2004இல் திறந்த 21ஆம் நூற்றாண்டு கலைக்கூடம். முன்பக்கம், பின்பக்கம் என்று எதுவும் கிடையாது, எந்தப் பக்கத்திலிருந்தும் நுழையலாம். உள்ளே ஒரு பகுதிக்குக் கட்டணமும் இல்லை. அர்ஜென்டினா கலைஞர் லியாந்த்ரோ எர்லிச் செய்த நீச்சல் குளம் அங்கே இருக்கிறது: கண்ணாடிமேல் மெல்லிய தண்ணீர், அதற்குக் கீழே மனிதர்கள் நனையாமல் நின்று நம்மை நிமிர்ந்து பார்க்கிறார்கள். ஒகாசான் எத்தனையோ முறை நகராட்சிக்கு வந்திருக்கிறார், குளத்துக்கு வந்து பல வருடமாயிற்றாம். இரண்டு பேரும் விளிம்பில் குனிந்து கீழே இருந்த யாரோ ஒரு சிறுவனுக்குக் கையசைத்தோம்.

இப்படித்தான் ஊர் திறக்கும். ஒரு வேலைக்குப் போகிற வழியில்.

"நானும் வரலாமா?"

வீட்டாரிடம் "எங்காவது கூட்டிப்போங்கள்" என்று கேட்பது அவர்களுக்கு ஒரு பாரம். ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்க வேண்டும், வண்டி எடுக்க வேண்டும், டிக்கெட், சாப்பாடு, திட்டம். "கடைக்குப் போறீங்களா? நானும் வரலாமா?" என்று கேட்டால் அவர்களுக்கு ஒரு சுமையும் இல்லை, ஒரு பை தூக்க ஆள் கிடைக்கிறது. ஆகவே முதல் இரண்டு வாரம் இந்த ஒரு வாக்கியத்தை வைத்தே ஓட்டுங்கள்: "வதாஷி மோ இஷ்ஷோ நி இத்தெ மோ ஈ தெஸ் கா?" தமிழ் தெரிந்தவருக்கு இது ரொம்ப எளிது. வதாஷி என்றால் நான், மோ என்றால் '-உம்'. நான்-உம். இத்தெ மோ என்றால் போனால்-உம். கடைசியில் வரும் 'கா', நம் 'வரலாமா'வில் இருக்கிற 'ஆ'. சொற்களின் வரிசையும் நம்முடையதுதான், வினை கடைசியில்தான் வரும். 'தபெதெ மிரு' என்றால் அப்படியே 'சாப்பிட்டுப் பார்க்கிறேன்'. தமிழுக்கும் ஜப்பானியத்துக்கும் உறவு உண்டு என்று சுசுமு ஓனோ என்ற ஜப்பானிய மொழியறிஞர் நீண்டகாலம் வாதாடினார். மொழியியலாளர்கள் பெரும்பாலும் அதை ஏற்கவில்லை. அது எப்படியோ போகட்டும், ஆங்கிலம் வழியாக யோசிக்காமல் தமிழ் வழியாக யோசித்தால் வாய் சீக்கிரம் திறக்கும் என்பதை நான் அனுபவத்தில் சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் அன்றாடக் காய்கறி தெருமுனைக் கடையில். ஆனால் சனிக்கிழமை ஒகாசான் ஓமிச்சோ சந்தைக்குப் போவார். கிட்டத்தட்ட 300 வருடப் பழமையான சந்தை. 'ஊர் மக்களின் அடுப்படி' என்று பெயர். கூரை போட்ட சந்துகளில் மீன்தான் முக்கால்வாசி. சைவக்காரிக்கு அங்கே என்ன வேலை என்று முதலில் தயங்கினேன். ஒகாசான் ஒவ்வொரு காய்க்கடையிலும் நின்று எனக்கு ஒரு பெயர் சொல்வார், நான் திருப்பிச் சொல்வேன், கடைக்காரர் சத்தமாகத் திருத்துவார். மூன்றாவது சனிக்கிழமை நான் தனியாக முன்னால் போய்ச் சேப்பங்கிழங்கு மாதிரியான 'சதோஇமோ' அரைக் கிலோ கேட்டு வாங்கினேன். நவம்பர் 6 பிறந்ததும் சந்தையே நிறம் மாறும். பனிநண்டு பிடிக்க அன்றுதான் தடை நீங்குகிறது, எல்லாக் கடையிலும் சிவப்புச் சிவப்பாக அடுக்கிவிடுவார்கள். நான் சாப்பிடாவிட்டாலும், ஒபாச்சானுக்கு விருப்பமான சின்னப் பெண்நண்டைத் தேடிக் கொடுக்கிற வேலை எனக்கு வந்தது.

பேருந்தில் கூடப் போகும்போது அவர்கள் செய்வதை அப்படியே செய்யுங்கள். பின்வாசலில் ஏறி, எண் போட்ட சின்னச் சீட்டை எடுத்துக்கொள்ள வேண்டும். இறங்கும்போது முன்னால் இருக்கிற பலகையில் உங்கள் எண்ணுக்கு நேராக எவ்வளவு காட்டுகிறதோ, அதைச் சீட்டோடு சேர்த்துப் பெட்டியில் போட வேண்டும். பெட்டி மீதி தராது. பக்கத்தில் சில்லறை மாற்றுகிற இயந்திரம் இருக்கும், அதில் முதலில் மாற்றிக்கொள்ளுங்கள்.

குழந்தை இருக்கிற வீடு என்றால் உங்களுக்கு அதிர்ஷ்டம். எங்கள் வீட்டுக் குட்டிப் பெண் பள்ளிக்கு நடந்து போகும் வழியில் ஒவ்வொரு கல்லையும் அறிந்தவள். நான் இரவில் ஒரு நோட்டில் அன்று நடந்த தெருவை வரைவேன். அவள் வந்து சிவப்புப் பென்சிலால் திருத்துவாள். எந்த வீட்டு நாய் குரைக்கும், எந்த வாய்க்காலில் கெண்டை மீன் தெரியும் என்று எழுதுவாள். ஒரு நாள் சில வீடுகளின் மேல் மட்டும் மஞ்சள் புள்ளி வைத்தாள். பயமாக இருந்தால் குழந்தைகள் யாரும் ஓடிப்போய்க் கதவைத் தட்டலாம் என்று பலகை மாட்டிய வீடுகளாம் அவை. "நீயும் தட்டலாம்" என்றாள். அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. எங்கள் வீடு தெராமாச்சி மேட்டில். அங்கிருந்து ஆங்கில டபிள்யூ எழுத்துப்போல மடங்கி மடங்கி இறங்கும் படிக்கட்டுப் பாதை ஒன்று சாய்கவா ஆற்றங்கரைக்குப் போகும். ஊரில் இரண்டு ஆறு: வேகமாக ஓடுகிற சாய்கவாவை ஆண் ஆறு என்றும், அமைதியான அசானோகவாவைப் பெண் ஆறு என்றும் சொல்வார்கள். எனக்கு அந்த இரண்டும் பிடிபட்ட அன்றே திசை பிடிபட்டுவிட்டது. புது ஊரில் முதலில் ஆற்றைத் தெரிந்துகொள்ளுங்கள். தாமிரபரணிக் கரையில் வளர்ந்தவளுக்கு வேறு எப்படி வழி தெரியும்?

ஒபாச்சானோடு

வீட்டில் வயதானவர் இருந்தால் அவரோடுதான் அதிக நேரம் இருங்கள். மற்றவர்களுக்கு வேலை, பள்ளி. அவருக்கு நேரம் இருக்கிறது, மெதுவாகப் பேசுகிறார், சொன்னதையே மறுபடி சொல்கிறார். மொழி படிக்க இதைவிட என்ன வேண்டும்.

ஒரு மத்தியானம், மர வீடுகள் வரிசையாக நிற்கும் ஹிகாஷி சாயா தெருவுக்கு அவரோடு போனேன். பயணிகள் எல்லாரும் தங்கத் தாள் ஒட்டிய ஐஸ்கிரீமோடு படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒபாச்சான் ஒரு கடைக்குள் போய், தங்கத் தாள் செய்கிற முறையைக் காட்டும் மேசை முன்னால் நின்றுவிட்டார். ஜப்பானின் தங்கத் தாளில் ஏறக்குறைய முழுவதும் கனசாவாவில்தான் செய்யப்படுகிறது. கனம் ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. விரலால் தொட்டால் கரைந்துவிடும். மூங்கில் குச்சியால் எடுத்து, மெல்ல வாயால் ஊதித்தான் தாள்மேல் விரிப்பார்கள். "இளமையில் வீட்டில் உட்கார்ந்து நான் செய்த வேலை" என்றார் ஒபாச்சான். அப்புறம் உதட்டைக் குவித்து, காற்றில் ஒரே ஒரு சின்ன ஊது ஊதிக் காட்டினார். அவ்வளவு மென்மையான ஊதலை நான் கண்டதில்லை. ஒகாசானுக்கே அந்தக் கதை முழுதாகத் தெரியாது என்று அன்று இரவு தெரிந்தது. தஞ்சாவூர் ஓவியத்தில் நாமும் தங்கத் தாள் ஒட்டுவோம் என்று போனில் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

கென்ரோகுஎன் தோட்டத்துக்கு எல்லாரும் போவார்கள், நீங்களும் போவீர்கள். நான் சொல்வது ஒன்றுதான்: விடியற்காலையில் போங்கள். கட்டண நேரம் தொடங்குவதற்கு முன்னால் கொஞ்ச நேரம் இலவசமாகத் திறந்து வைக்கிறார்கள். மணி அடிக்குமுன் வெளியே வந்துவிட வேண்டும். அந்த நேரத்தில் வருகிறவர்கள் பெரும்பாலும் ஊர்க்காரர்கள். ஒத்தோசான் என்னை அப்படித்தான் கூட்டிப்போனார். அங்கே ஒரு நீரூற்று இருக்கிறது, மோட்டார் கிடையாது. மேலே இருக்கிற கசுமிகாஇகே குளத்துத் தண்ணீர் தன் அழுத்தத்தாலேயே எழும்புகிறது. தோட்டத்துக்கு நீர் கொடுத்த தத்சுமி வாய்க்காலை 1632இல் வெட்டியிருக்கிறார்கள், ஊரையே எரித்த பெரும் தீ விபத்துக்கு மறுவருடம். சாய்கவா ஆற்றின் மேல்பகுதியிலிருந்து பல கிலோமீட்டர் கொண்டுவந்து, அகழிக்கு அடியில் இறக்கி, எதிர்ப்பக்கம் கோட்டைக்குள் ஏற்றினார்கள். சிவில் படிக்கிறவளுக்கு அங்கிருந்து நகர மனம் வருமா? ஒத்தோசான் சுற்றுலாப் புத்தகத்தில் இருப்பதைச் சொல்லத் தயாராக வந்திருந்தார். நான் சாய்வுக் கோணத்தைக் கேட்டதும் அவருக்கும் ஆர்வம் வந்து, அடுத்த ஞாயிறு வாய்க்காலின் மேல்பகுதியைத் தேடி இரண்டு பேரும் நடந்தோம். உங்களுக்கு உண்மையிலேயே எது பிடிக்குமோ அதை அவர்களிடம் சொல்லுங்கள். அவர்கள் காட்டுவதும் அப்போது மாறும்.

நவம்பர் 1 அன்று மறுபடி போனேன். பனிப்பாரம் தாங்குவதற்காக மரக்கிளைகளைக் கயிற்றால் கட்டுகிற வேலை அன்றுதான் தொடங்கும். முதலில் கராசாகி பைன் மரம். நட்ட கம்பத்தின் உச்சியிலிருந்து நூற்றுக்கணக்கான கயிறுகள், விரித்த குடையின் கம்பிகள்போல இறங்கின. இந்தப் பக்கத்துப் பனியில் ஈரம் அதிகம், கனமும் அதிகம். கட்டாவிட்டால் கிளை ஒடிந்துவிடும்.

பணம்: வெளியே போனால் வீட்டார் உங்களுக்கும் சேர்த்துக் கொடுக்கவே பார்ப்பார்கள். நுழைவுச்சீட்டு, பேருந்து என்னுடையது என்று முதல் நாளே சொல்லிவிட்டேன். சாப்பாட்டுக்கு அவர்கள் கொடுத்தபோது மறுக்கவில்லை. பதிலுக்கு மாதம் ஒரு ஞாயிறு சமையல் என் பொறுப்பு. தேங்காய்ச் சாதமும் உருளைக்கிழங்குப் பொரியலும் குட்டிப் பெண்ணுக்குப் பிடித்துப்போனது.

தனியாக

மூன்றாவது வாரம் தனியாகக் கிளம்புங்கள். அதற்கு முன் வேண்டாம், அதற்குப் பின் தள்ளிப்போடவும் வேண்டாம். எங்கே போகிறேன், எத்தனை மணிக்கு வருவேன் என்று ஒரு தாளில் எழுதிக் குளிர்ப்பெட்டியில் ஒட்டிவிடுங்கள். தாமதமானால் செய்தி அனுப்புங்கள், ஐந்து நிமிடமானாலும்.

வீட்டைவிட்டுக் கிளம்பும்போது அவர்கள் சொல்வது 'இத்தெகிமாஸ்'. அச்சு அசல் 'போயிட்டு வரேன்'. உள்ளே இருப்பவர் 'இத்தெராஷாய்' என்பார், 'போயிட்டு வாங்க'. போறேன் என்று மட்டும் சொன்னால் என் ஆச்சி திட்டுவாள். அங்கேயும் யாரும் போகிறேன் என்று மட்டும் சொல்வதில்லை. நான் முதல்முறை தனியாகக் கிளம்பியபோது நல்ல வெயில். ஒபாச்சான் வாசல்வரை வந்து குடையைக் கையில் கொடுத்தார். சோற்றுப்பெட்டியை மறந்தாலும் குடையை மறக்காதே என்பது அந்தப் பக்கத்துப் பழமொழி. படிக்கட்டுப் பாதையில் பாதி இறங்குவதற்குள் மழை பிடித்துக்கொண்டது.

நான் போனது ரயில் நிலையத்துக்கு. வந்த அன்று களைப்பில் சரியாகப் பார்க்காமல் விட்ட வாசல் அது. 2005இல் முடித்த மரவாசல், கிட்டத்தட்ட 14 மீட்டர் உயரம், இரண்டு பெரிய தூண்களும் முறுக்கிய கயிறுபோல. 'சுசுமி' என்ற வாத்தியத்தின் வடிவமாம். இடை சிறுத்து, இரண்டு பக்கமும் தோல் கட்டி, நடுவில் கயிறு. கயிற்றை இறுக்கினால் சுருதி ஏறும். நான் மழையில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். எங்கள் ஊர்க் கோயில் கொடையில் வில்லுப்பாட்டுக்கு அடிக்கிற உடுக்கைதான் இது.

அடுத்த சனிக்கிழமை கூட்டிப்போனது நான். ஒபாச்சானைக் கையைப் பிடித்து அந்தத் தூணுக்குக் கீழே நிறுத்தி, போனில் வில்லுப்பாட்டைப் போட்டேன். இரண்டு நிமிடம் அசையாமல் கேட்டார். பிறகு அவருடைய விரல்கள் குடைக் கைப்பிடியில் தாளம் தட்ட ஆரம்பித்தன. மறுபடி போடு என்றார். பேருந்து வரும்வரை நான்கு முறை போட்டேன். வீட்டுக்கு வந்து கதவைத் திறந்து இரண்டு பேரும் சேர்ந்தே 'ததாய்மா' என்றோம், வந்துட்டேன் என்று. உள்ளிருந்து குட்டிப் பெண் 'ஒகாஎரி' என்று கத்திக்கொண்டே சிவப்புப் பென்சிலோடு ஓடிவந்தாள்.